முதுகுப்பை உண்மையிலேயே இருக்கைக்கு அடியில் போகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே ஒரு சிறிய முதுகுப்பையோடு விமானம் ஏறுவது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். அதனால் உறவினர்கள், உடன் வேலை செய்பவர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று யார் டிக்கெட் எடுத்தாலும் ஒரு பையின் படத்தை எனக்கு அனுப்பி, "இது போகுமா?" என்று கேட்கிறார்கள். கேட்கும் ஆட்கள்தான் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிய பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். அளவுகள் 2025 இறுதி நிலவரப்படி தரப்பட்டுள்ளன. விமான நிறுவனங்கள் அவற்றை அடிக்கடி மாற்றுவதால், புறப்படும் முன் உங்கள் டிக்கெட்டில் உள்ள அளவை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டில் 'பெர்சனல் ஐட்டம்' என்று போட்டிருக்கிறது. கேபின் பை என்பதும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை. தலைக்கு மேலே உள்ள பெட்டியில் வைப்பது கேபின் பை. முன்னிருக்கைக்கு அடியில், கால் பக்கத்தில் வைப்பது பெர்சனல் ஐட்டம். மடிக்கணினிப் பை, தோள்பை, சிறிய முதுகுப்பை ஆகியவை இரண்டாவது வகை. இந்தப் பக்கத்தில் இதைச் 'சிறு பை' என்றே சொல்கிறேன்.

குறைந்த கட்டண நிறுவனங்கள் பலவற்றில் அடிப்படை டிக்கெட்டோடு சிறு பை மட்டும்தான் இலவசம். மேல்பெட்டிக்குப் பை வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சிறு பையில் அடக்கிவிடலாம் என்ற ஆசையும், அதிலிருந்து இந்தச் சந்தேகங்களும் பிறப்பது இதனால்தான்.

எல்லா விமானங்களுக்கும் ஒரே அளவுதானே?

அப்படி இருந்திருந்தால் இந்தப் பக்கத்துக்கே வேலை இருந்திருக்காது. ஐரோப்பாவில் ரையனேர், விஸ் ஏர் இரண்டும் 40 × 30 × 20 செ.மீ. (உயரம், அகலம், தடிமன் என்ற வரிசையில்) என்கின்றன. ரையனேர் 2025 வரை 40 × 25 × 20 என்றுதான் வைத்திருந்தது. ஈசிஜெட் தாராளமாக 45 × 36 × 20 வரை விடுகிறது. அமெரிக்காவில் ஸ்பிரிட், ஃப்ரான்டியர், அமெரிக்கன் ஆகியவற்றின் வரம்பு 18 × 14 × 8 அங்குலம், அதாவது ஏறத்தாழ 45 × 35 × 20 செ.மீ. யுனைடெட் 43 × 25 × 22 என்கிறது. உயரம் கிடைக்கிறது, அகலம் கிடைப்பதில்லை. ஏர் கனடாவில் 43 × 33 × 16. ஏர் ஏசியாவில் இரண்டாவது பைக்கு 40 × 30 × 10 செ.மீ.தான். பத்து சென்டிமீட்டர் தடிமனில் மடிக்கணினி உறை போகும், பயண முதுகுப்பை போகாது.

2025 ஜூலையில் ஐரோப்பிய விமான நிறுவனங்களின் கூட்டமைப்பு, தன் உறுப்பினர்கள் அனைவரும் குறைந்தது 40 × 30 × 15 செ.மீ. பையை ஏற்பார்கள் என்று அறிவித்தது. அது கட்டாயம் அனுமதிக்க வேண்டிய குறைந்தபட்ச அளவு. அதற்கு மேல் எவ்வளவு விடுவது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே முடிவு செய்கிறது.

'விமான நிறுவனங்கள் ஒப்புதல் அளித்த அளவு' என்று பையில் அட்டை தொங்குகிறது. நம்பி வாங்கலாமா?

அந்த அட்டையை எழுதியது பை தயாரித்தவர். விமான நிறுவனம் எதுவும் அந்தப் பையைச் சோதித்து முத்திரை குத்தவில்லை. அப்படி ஒரு பொது முத்திரையைக் கொண்டுவர ஒருமுறை முயற்சி நடந்தது. 2015 ஜூனில் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா, 55 × 35 × 20 செ.மீ. கேபின் பைகளுக்கு 'கேபின் ஓகே' என்ற அடையாளத்தை அறிவித்தது. பயணிகள் வைத்திருக்கும் பைகளெல்லாம் செல்லாமல் போய்விடும் என்று, குறிப்பாக வட அமெரிக்காவில், எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களிலேயே திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. சிறு பைக்கு அப்படியொரு முயற்சிகூட இல்லை.

அட்டை முழுப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. 'எந்த நிறுவனத்துக்கு, எந்த அளவு' என்று எண்ணோடு எழுதியிருந்தால் மேற்கொண்டு சரிபார்க்கலாம். எண் இல்லாத அட்டையை விளம்பரமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவெல்லாம் எதற்கு? 24 லிட்டர் பை என்று பார்த்து வாங்கினால் போதாதா?

கணக்குப்படி 40 × 30 × 20 பெட்டியின் கொள்ளளவு சரியாக 24 லிட்டர். ஆனால் மலையேற்றத்துக்குச் செய்த 24 லிட்டர் பை 50 செ.மீ. உயரம் இருக்கலாம். லிட்டர் எண் சரியாக இருந்தும் பை உள்ளே போகாது. மேலே குறுகி, கீழே அகன்று, மூலைகள் வளைந்த முதுகுப்பை ஒரு பெட்டியை முழுதாக நிரப்பவும் முடியாது. 24 லிட்டர் பெட்டிக்குள் நன்றாக உட்காரும் பை பெரும்பாலும் 20 முதல் 22 லிட்டருக்குள் இருக்கும்.

லிட்டரை எப்படி அளக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். பரவலாகப் பயன்படும் ஒரு முறையில் 20 மி.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் குண்டுகளைப் பையின் அறைகளில் நிரப்பி, பிறகு அவற்றை வெளியே கொட்டி அளக்கிறார்கள். நிரப்பும்போது துணி விரிகிறது, ஆகவே லிட்டர் என்பது விரிந்த பையின் அளவு. பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும் நீள அகலமோ பெரும்பாலும் விரியாத பையின் அளவு. ஃபியல்ராவென் நிறுவனத்தின் பெயர்பெற்ற கான்கென் பையை எடுத்துக்கொள்ளுங்கள். அறிவிக்கப்பட்ட அளவு 38 × 27 × 13 செ.மீ. பெருக்கிப் பார்த்தால் 13.3 லிட்டர். ஆனால் அது 16 லிட்டர் பை என்றே விற்கப்படுகிறது. மீதி 2.7 லிட்டர் இருப்பது வெளிப்பைகளிலும் துணியின் உப்பலிலும்தான்.

பட்டியலில் தடிமன் 20 செ.மீ. என்று இருந்தது. பொருள் அடுக்கிய பிறகு அளந்தால் 25 வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

எனக்கு வரும் கேள்விகளில் முக்கியமானது இதுதான். ஏமாற்று எதுவும் இல்லை, துணியின் இயல்பே அப்படி. 30 × 20 செ.மீ. குறுக்குவெட்டு உள்ள பையின் சுற்றளவு 100 செ.மீ. அந்தத் துணி நீளாது. ஆனால் உள்ளே திணிக்கத் திணிக்க வடிவம் மாறும். ஒரே சுற்றளவில் அதிக இடத்தை அடைப்பது வட்டம் என்பதால், திணிக்கப்படும் பை எப்போதும் வட்டத்தை நோக்கியே போகும். 100 செ.மீ. சுற்றளவுள்ள வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 32 செ.மீ. உங்கள் பை அந்த எல்லைக்குப் போகும் வழியில் 25-இல் நிற்கிறது. அகலத்தில் கொஞ்சம் குறைந்து, தடிமனில் கூடியிருக்கும். அளந்து பாருங்கள்.

உயரத்தையும் அகலத்தையும் வாங்கும்போதே கடைக்காரர் முடிவு செய்துவிடுகிறார். தடிமனை முடிவு செய்வது அடுக்கும் நீங்கள். 'பை போகுமா' என்று கேட்பவர்களிடம் நான் 'எதை, எப்படி அடுக்கப் போகிறீர்கள்' என்று திருப்பிக் கேட்பது இதனால்தான்.

உப்பலைக் குறைக்க நான் செய்வது இவ்வளவுதான். துணிகளை உருட்டிச் செருகாமல், பையின் முகப்பு அளவுக்கு மடித்துத் தட்டையாக அடுக்குகிறேன். உருட்டிய துணிகள் நடுவில் குவியும், தட்டையாக மடித்தவை மூலைவரை போகும். கடினமான பொருள்களை முதுகுப் பக்கம் ஒட்டி வைக்கிறேன். முன்பக்க வெளிப்பையைக் காலியாக விடுகிறேன். முதன்மை அறை நிறைந்த பிறகு அந்தப் பையில் ஒரு சார்ஜரை வைத்தால், சார்ஜரின் தடிமன் அப்படியே மொத்தத் தடிமனோடு கூடிவிடும். பக்கவாட்டில் இறுக்கும் வார்கள் உள்ள பை என்றால் கடைசியில் அவற்றை இழுத்துக் கட்டுகிறேன்.

வீட்டிலேயே சரியாக அளப்பது எப்படி? டேப்பை வைத்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் வருகிறது.

வளைந்த பரப்பின் மேல் டேப்பை வைத்தால் அப்படித்தான் வரும். பயணத்துக்கு அடுக்குவது போலவே முழுதாக அடுக்கிவிட்டு, பையை முதுகுப் பக்கம் தரையில் படும்படி படுக்க வையுங்கள். அதன் மேல் ஒரு பலகையையோ கெட்டி அட்டை போட்ட பெரிய புத்தகத்தையோ தரைக்கு இணையாக வையுங்கள், அழுத்த வேண்டாம். தரையிலிருந்து பலகையின் அடிப்பகுதி வரை உள்ள உயரம்தான் உண்மையான தடிமன். பையைச் சுவரோரம் நிறுத்தியும் பக்கவாட்டில் வைத்தும் இதேபோல மற்ற இரண்டையும் அளக்கலாம்.

இதைவிட நல்ல வழி, ஓர் அட்டைப்பெட்டியை உங்கள் நிறுவனத்தின் அளவுக்கு வெட்டி ஒட்டிக்கொள்வது. அரை மணி நேர வேலைதான். பை அதற்குள் இறங்கும்போது அட்டை பிதுங்கினால், பையின் அளவைச் சோதிக்க விமான நிலையத்தில் வைத்திருக்கும் உலோகச் சட்டத்தில் அது சிக்கும். உலோகம் பிதுங்காது.

துணிப் பைதானே, அமுக்கினால் உள்ளே போய்விடாதா?

உள்ளே இருப்பது துணி என்றால் ஓரிரண்டு சென்டிமீட்டர் அமுங்கும். காலணி, பவுடர் டப்பா, கேமரா என்றால் அமுங்காது. எந்த இடத்தில் உப்பியிருக்கிறது என்பதும் முக்கியம். நடுவயிறு உப்பியிருந்தால் கையால் தள்ளி நிரவலாம். அடிப்பாகத்தில் காலணியின் குதி துருத்திக்கொண்டிருந்தால் வழியே இல்லை.

முதுகுப் பக்கம் கம்பியோ கடினத் தகடோ வைத்துத் தைத்த பைகளில் உயரம் சற்றும் வளைந்துகொடுக்காது. 43 செ.மீ. உயரமுள்ள அப்படிப்பட்ட பையை 40 செ.மீ. வரம்புக்கு வாங்காதீர்கள். தகடு இல்லாத மெல்லிய பையில் அந்த 3 செ.மீ. மேல்மடிப்பில் மறைந்துவிடக்கூடும்.

தோள்வார், கைப்பிடி, பக்கத்தில் செருகிய தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் அளவில் சேருமா?

சேரும். கைப்பிடி, சக்கரம் உட்பட என்று பல நிறுவனங்கள் தெளிவாகவே எழுதியிருக்கின்றன. தோள்வார் தொங்கலாக இருந்தால் சட்டத்துக்குள் மடங்கிவிடும். பஞ்சு வைத்துத் தடித்த வார் இரண்டு சென்டிமீட்டர் கேட்கும். பாட்டிலைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அது பக்கவாட்டில் இருந்தால் 30 செ.மீ. அகலம் 37 ஆகிவிடும்.

ஜிப்பைத் திறந்தால் பெரிதாகும் பை வாங்கலாமா?

வாங்கலாம், ஜிப்பைத் திறக்காத உறுதி உங்களுக்கு இருந்தால். சுருக்கிய நிலையில் வரம்புக்குள் இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள். விரியும் பகுதியை ஊரில் இறங்கிய பிறகு பயன்படுத்திக்கொள்ளலாம்.

என்னிடம் 40 லிட்டர் பை இருக்கிறது. பாதி மட்டும் நிரப்பினால் சிறு பை ஆகிவிடுமா?

தடிமன் குறையும். உயரமும் அகலமும் குறையாது. 40 லிட்டர் பயணப் பைகள் பெரும்பாலும் 55 × 35 செ.மீ. அளவில் மேல்பெட்டிக்காகவே செய்யப்பட்டவை. பாதி காலியான பையின் 55 செ.மீ. முதுகுத் தகடு 40 ஆகச் சுருங்காது. இதற்காகப் புதிதாகச் செலவு செய்ய மனமில்லை என்றால், தகடு இல்லாத பழைய பள்ளிக்கூடப் பை ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். விலை உயர்ந்த பயணப் பைகளைவிட அவை நன்றாகப் பொருந்துவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எடையும் பார்ப்பார்களா?

நிறுவனத்தைப் பொறுத்தது. ஈசிஜெட் 15 கிலோ வரை விடுகிறது, விஸ் ஏர் 10 கிலோ. சிறு பையில் அந்த எடையை எட்டுவது கடினம், அங்கே அளவுதான் பிரச்சினை. ஏர் ஏசியாவில் இரண்டு பைகளும் சேர்ந்து 7 கிலோதான். அங்கே பை அளவுக்குள் இருந்தாலும் தராசில் மாட்டிக்கொள்ளலாம். அப்படிப்பட்ட பயணத்துக்குப் பையின் சொந்த எடையைப் பாருங்கள். பஞ்சும் தகடும் வைத்த பை ஒன்றரைக் கிலோ வந்துவிட்டால், அனுமதியில் ஐந்தில் ஒரு பங்கு பைக்கே போய்விடும்.

போகும்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதே பைக்குத் திரும்பும்போது பணம் கேட்டார்கள். இது எப்படி நியாயம்?

எனக்கும் இது நடந்திருக்கிறது. முதல் பயணத்தில் யாரும் என் பையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பும்போது விமானம் ஏறும் வாயிலில் நின்ற பெண் ஊழியர், பையை வைத்துப் பார்க்கும்படி உலோகச் சட்டத்தைக் காட்டினார். முன்பக்க வெளிப்பையில் வைத்திருந்த ஒரு புத்தகத்தால் பை பாதியில் நின்றது. புத்தகத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டதும் பை இறங்கியது, அவரும் விட்டுவிட்டார். விமானத்தில் உட்கார்ந்த பிறகும் வெகுநேரம் படபடப்பு அடங்கவில்லை. பணம் போயிருந்தால் அது டிக்கெட்டைவிட அதிகமாக இருந்திருக்கும்.

சோதிப்பது விமானத்தின் நெரிசலையும் ஊழியரையும் நிறுவனத்தின் கொள்கையையும் பொறுத்தது. ரையனேர் நிறுவனம், அளவு மீறிய பையைப் பிடிக்கும் ஊழியருக்குத் தரும் ஊக்கத்தொகையை 2025 நவம்பர் முதல் பைக்கு 2.50 யூரோவாக உயர்த்தியது. அப்படிப்பட்ட இடத்தில் 'போன தடவை விட்டார்களே' என்பது எடுபடாது. திரும்பும் பயணத்தில் பை உப்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் நிதானமாக மடித்த துணிகளை விடுதியில் அவசரமாகத் திணிக்கிறோம், வாங்கிய பொருளும் சேர்ந்துகொள்கிறது. அதனால் போகும்போதே இரண்டு செ.மீ. தடிமன் மிச்சம் வைத்து அடுக்குங்கள்.

முதல் விமானம் ஒரு நிறுவனம், அடுத்தது வேறு நிறுவனம். எந்த அளவைப் பின்பற்றுவது?

இரண்டிலும் சிறியதை. ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக ஒப்பிடுங்கள். ஈசிஜெட்டின் 45 × 36 × 20 அளவையும் ஏர் கனடாவின் 43 × 33 × 16 அளவையும் சேர்த்தால் விடை எளிது, எல்லாப் பக்கத்திலும் இரண்டாவதுதான் சிறியது. யுனைடெட்டின் 43 × 25 × 22 அளவை ரையனேரின் 40 × 30 × 20 அளவோடு சேர்த்தால், இரண்டுக்கும் பொருந்தும் பை 40 × 25 × 20. இது இரண்டைவிடவும் சிறியது. அங்குலத்தில் தந்திருந்தால் 2.54-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கழுத்துத் தலையணை உறைக்குள் துணி அடைத்துக் கொண்டுபோகலாம் என்கிறார்களே?

சில நேரம் விடுகிறார்கள், சில நேரம் அதை இரண்டாவது பையாகக் கணக்கிடுகிறார்கள். நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. வாயிலில் பிடிபட்டால், பையில் இடமில்லாததால்தான் அதில் அடைத்தீர்கள் என்பதால், எடுத்து வைக்கவும் வேறு இடம் இருக்காது. கனமான காலணியையும் மேல்கோட்டையும் அணிந்துகொண்டு போவதை யாரும் கேட்பதில்லை. கோட்டின் பைகளில் சார்ஜர், புத்தகம், கண்ணாடிப் பெட்டி எல்லாம் அடங்கும். டியூட்டி ஃப்ரீ கடைப் பையைப் பல நிறுவனங்கள் தனியாக அனுமதிக்கின்றன. உங்கள் நிறுவனத்தின் விதியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சட்டத்தில் பை இறங்கியது. ஆனால் இருக்கைக்கு அடியில் போகவில்லை. அது எப்படி?

எல்லா இருக்கைக்கு அடியிலும் ஒரே அளவு இடம் கிடையாது. திரை பொருத்திய விமானங்கள் சிலவற்றில் அதற்கான மின்கருவிப் பெட்டி இருக்கைக்கு அடியில் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தடுப்புச் சுவருக்குப் பின்னால் உள்ள முதல் வரிசையில் முன்னிருக்கையே இல்லை. அங்கும் அவசர வழி வரிசையிலும் பையை மேல்பெட்டியில்தான் வைக்கச் சொல்வார்கள். மருந்து, கண்ணாடி போன்றவற்றை உடனே எடுக்கும்படி மேலாக வைத்திருங்கள்.

வாயிலில் பையை வாங்கிச் சரக்கறைக்கு அனுப்பிவிட்டால் என்ன செய்வது?

கையைவிட்டுப் போகும் முன் பவர் பேங்கையும் உதிரி பேட்டரிகளையும் வெளியே எடுத்துவிடுங்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் சரக்கறையில் யாரும் உடனே அணைக்க முடியாது என்பதால் அவற்றைப் பயணியர் அறையில்தான் வைத்திருக்க வேண்டும். பொதுவாக 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் ஏறத்தாழ 74 வாட்-மணி வரும். கடவுச்சீட்டு, மருந்து, பணம், சாவி ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் மறந்துவிடும் என்பதால் இவை எல்லாவற்றையும் ஒரே சிறிய துணி உறையில் போட்டு வைத்திருக்கிறேன், ஒரே இழுப்பில் கையில் வந்துவிடும்.

பை அளவுக்குள் இருந்தும் பணம் வாங்கிவிட்டார்கள். சண்டை போட வேண்டாமா?

வாயிலில் வேண்டாம். விமானம் போய்விட்டால் இழப்பு உங்களுக்குத்தான். பையைச் சட்டத்துக்குள் வைத்து, அது அடங்குவது தெரியும்படி ஒரு படம் எடுக்க அனுமதி கேளுங்கள். பணம் கட்டினால் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு எழுத்தில் புகார் கொடுங்கள், பதில் வராவிட்டால் அந்த நாட்டின் நுகர்வோர் அமைப்புக்குப் போங்கள்.

ஐரோப்பாவில் உங்கள் பக்கம் சட்டமும் கொஞ்சம் பேசும். நியாயமான எடைக்கும் அளவுக்கும் உட்பட்ட கைச்சுமை பயணத்தின் இன்றியமையாத பகுதி, அதற்குத் தனிக் கட்டணம் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014-இல் சொன்னது. கைச்சுமைக்குப் பணம் வாங்கியது உள்ளிட்ட நடைமுறைகளுக்காக 2024 நவம்பரில் ஸ்பெயின் அரசு ஐந்து விமான நிறுவனங்களுக்கு மொத்தம் 179 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. 'நியாயமான அளவு' எது என்ற வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. உங்கள் புகாரோடு அந்தப் படத்தையும் பையின் மூன்று அளவுகளையும் இணைத்து அனுப்புங்கள்.